எல்லாரும் ஏறியாச்சு

பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்த குமரேசன், வாசல் சிமெண்டுத் தரையில் ஒரு காலடியைப் பார்த்தான். வெறுங்கால் தடம். ஈரம் காய்ந்துபோய், வேர்த்துக் காய்ந்த சட்டை முதுகில் உப்பு பூக்குமே, அப்படி ஓரமெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. மழை இன்னும் ஆரம்பிக்கவில்லை. வானம் மட்டும் விடிந்ததிலிருந்தே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. கேட்டில் போட்ட பூட்டு போட்டபடி இருந்தது. பால்காரன் வெளியில் நின்றபடியே கேட்டில் தொங்குகிற பையில் பாக்கெட்டைப் போட்டுவிட்டுப் போகிறவன், உள்ளே கால் வைப்பதே இல்லை.

ஒரே ஒரு தடம் என்றால் விட்டிருப்பான். அதற்கு முன்னால் இன்னொன்று, அதற்கும் முன்னால் இன்னொன்று என்று, வீட்டுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்துக்குள் அது போனது. பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி அவனும் பின்னாலேயே போனான். மோட்டார் பெட்டி, துணி துவைக்கிற கல், செப்டிக் டேங்க் மூடி எல்லாவற்றையும் தாண்டி, வீட்டின் முதுகுப் பக்கமாகத் திரும்பி, மறுபடி வாசலுக்கே வந்து, முதல் தடத்தின் மேலேயே ஏறி, அடுத்த சுற்றுக்குப் போயிருந்தது. அந்தக் கால்களுக்கு வீடு எப்போதும் வலது கைப் பக்கமே இருந்தது. திருவண்ணாமலைக்காரனுக்கு அதைச் சொல்லித் தரவா வேண்டும்? மலையை வலப்பக்கம் வைத்துத்தானே ஊரே சுற்றுகிறது.

அதுகூடப் பரவாயில்லை. இடது காலில் சுண்டுவிரல் பதியவே இல்லை.

அவனுடைய அக்கா சந்திரம்மாளுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது. கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலைக் கொல்லையில் சின்ன வயசில் மம்மட்டி பட்டுப் போனது. மம்மட்டியைப் போட்டவன் குமரேசன். நானேதான் போட்டுக்கிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லி, தம்பிக்கு விழ வேண்டிய அடியையும் வாங்கிக்கொண்டவள் அவள். அந்தக் காலைத்தான் இப்போது தன் வாசலில் பார்க்கிறான். ஐந்து நாளைக்கு முன்னால் கடலில் போனவளின் கால்.

அவன் என்ன செய்தான் தெரியுமா? பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி, தென்னந்துடைப்பம் போட்டுத் தேய்த்துக் கழுவினான். தண்ணீர் பட்டதும் கருவாட்டு மூட்டையைப் பிரித்த மாதிரி வாடை கிளம்பியது. அவன் வீடு இருக்கிற வேங்கிக்காலுக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்? பஸ் ஏறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால்தான் பாண்டிச்சேரி. அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு பினாயிலையும் ஊற்றினான்.

உள்ளே டிவியில் புயல் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கடலில் இரண்டு நாள் நகராமல் நின்ற புயல், யாரும் எதிர்பார்க்காத மாதிரி திரும்பிக் கரையேறிவிட்டதாம். வலுக் குறைந்து உள்மாவட்டங்கள் பக்கம் வருகிறதாம். படத்தில் அது வந்த வழியைச் சிவப்புக் கோடாகப் போட்டுக் காட்டினார்கள். கடலில் ஒரு புள்ளிகூடப் போடாத இடத்தில் ஆரம்பித்த கோடு. அந்த இடத்தில் ஒரு தீவு இருப்பது குமரேசனுக்குத் தெரியும், வரைபடத்தில் போடுகிற அளவுக்குப் பெரிய தீவு இல்லை அது. அங்கிருந்து கிளம்பி, நேராக இந்த ஊரைப் பார்த்துக் கை நீட்டிக்கொண்டிருந்தது கோடு. அவன் ரிமோட்டைத் தேடி அணைத்தான்.

அவன் மனைவி மணிமொழி, டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புயல் வருகிறது என்பதால் விடியற்காலை இருட்டிலேயே கூப்பிட்டுக்கொண்டார்கள், கேட்டை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போயிருந்தாள். கலெக்டர் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டாயிற்று. வீட்டில் இருந்தது அவனும், இரண்டாம் வகுப்புப் படிக்கிற மகள் தென்றலும்தான்.

குமரேசனுக்குச் செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி டிராவல்ஸ் ஆபீஸ். வெள்ளைக்காரர்களுக்கு ரூம் பிடித்துக் கொடுப்பது, கார் அனுப்புவது. போன வருஷத்திலிருந்து கப்பல் டிக்கெட்டும் போட ஆரம்பித்திருந்தான். சென்னையில் ஏறினால் தீவு தீவாகக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற சொகுசுக் கப்பல். ஐப்பசி, கார்த்திகையில் டிக்கெட் விலை கம்மி, ஏனென்றால் அது புயல் காலம். வாடிக்கைக்காரர் யாராவது புயல் வந்தால் என்ன சார் பண்ணுவீங்க என்று கேட்டால் அவனிடம் பதில் தயாராக இருக்கும். கப்பல் புயலைச் சுற்றிப் போய்விடும், நாம மலையைச் சுற்றுகிற மாதிரிதான் என்பான். ரொம்பப் போனால் ஒரு தீவை விட்டுவிட்டு வேறு தீவுக்குப் போவார்கள், அவ்வளவுதான் என்பான். பொய்யும் இல்லை அது. கேட்டவர்கள் சிரித்துக்கொண்டே டிக்கெட் போட்டுவிட்டுப் போவார்கள்.

நிறைய டிக்கெட் விற்றதற்காகக் கம்பெனிக்காரன் அவனுக்கு ஓசி டிக்கெட் கொடுத்தான். மணிமொழிக்கு லீவு கிடைக்கவில்லை. மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போனான். புருஷன் போனதிலிருந்து சந்திரம்மாள் தம்பி வீட்டோடுதான். சமையல் அவள், துணி அவள், தென்றலை வளர்த்ததும் அவள். அதுவரை கடலையே பார்க்காதவள். கப்பலில் ஏறுகிற இடத்தில் ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். இறங்கும்போதும் ஏறும்போதும் அந்த அட்டையை மெஷினில் காட்டினால் டிங் என்று ஒரு சத்தம் வரும். சந்திரம்மாளுக்கு அந்தச் சத்தம் ரொம்பப் பிடித்துவிட்டது. நான் உள்ள வந்துட்டேன்னு அதுக்குத் தெரியுது பாரேன் என்று தென்றலிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

அந்தத் தீவில் இறங்கினது பௌர்ணமி அன்றைக்கு. குடியிருப்பு கிடையாது, மணலும் தென்னையும்தான். பகலில் பயணிகளை இறக்கிவிட்டுச் சாயங்காலம் அள்ளிக்கொண்டு போவார்கள். கரையோரம் ஆழம் இல்லாததால் கப்பல் தூரத்தில் நிற்கும், சின்னப் படகில்தான் போய்வர வேண்டும். விவரம் தெரிந்த நாளிலிருந்து ஒரு பௌர்ணமியும் கிரிவலத்தை விட்டதில்லை சந்திரம்மாள். காய்ச்சலோடு சுற்றியிருக்கிறாள், புருஷனுக்குக் கருமாதி முடிந்த மாசமும் சுற்றியிருக்கிறாள். மணலில் நின்று ஒரு நிமிஷம் தீவைப் பார்த்தாள். மலை இல்லாவிட்டால் என்ன, தண்ணிக்கு நடுவில் நிற்கிற மேடுதானே இதுவும், இதையே ஒரு சுத்து வந்துடறேன் என்றாள். செருப்பைக் கழற்றினாள். பையையும் கழுத்தில் மாட்டியிருந்த அட்டையையும் தம்பி கையில் கொடுத்தாள், வெறுங்கையோடு சுற்றுவதுதான் அவள் வழக்கம்.

"நான் வர்ற வரைக்கும் இங்கயே நிப்பியாடா?"

"நிக்கிறேன். நீ போக்கா."

தீவை வலப்பக்கம் வைத்து, கடலை இடப்பக்கம் விட்டு, மெதுவாக நடந்து போனாள்.

அதற்கப்புறம்தான் காற்று திரும்பியது. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொன்னவர்கள் மத்தியானத்துக்குள்ளேயே சங்கு ஊதிவிட்டார்கள். புயல் பாதையை மாற்றிக்கொண்டதாம், கப்பல் உடனே நங்கூரம் எடுத்தாக வேண்டுமாம், பாக்கி இருக்கிற தீவெல்லாம் ரத்தாம். கடைசிப் படகில் தென்றலைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு அவனும் ஏறினான். அலை ஒவ்வொன்றும் படகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பிள்ளை பயந்து அவன் சட்டையை வாயில் கவ்விக்கொண்டு அழுதாள். படகுக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள், ஒருத்தர் குறைந்தாலும் எடுக்க மாட்டேன் என்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். எல்லாரும் ஏறியாச்சா என்று கேட்டார். குமரேசன் ஏறியாச்சு என்றான். எங்க அக்கா முன்னாடி படகுலயே போயிட்டாங்க என்றும் சேர்த்துச் சொன்னான். கேட்காமலேயே சொன்னான்.

படகு கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்ததும் மணல் வளைவில் அவள் தெரிந்தாள். படகைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். தென்னந்தோப்பு வழியாகக் குறுக்கே ஓடி வந்திருந்தால் கூப்பிடு தூரத்துக்கு வந்திருப்பாள், படகையும் திருப்பியிருப்பார்கள். ஆனால் சுற்றில் இறங்கியவர்கள் குறுக்கே வரக் கூடாது, ஓடவும் கூடாது, நிறைமாசக்காரி மாதிரி நடக்க வேண்டும். அவள் நடந்துதான் வந்தாள். கையைத் தூக்கியபடி, கரையோரமாகவே, நிதானமாக. தம்பி நிற்கிறேன் என்று சொல்லியிருந்தானே. தென்றல் அத்தை என்று கத்த வாயைத் திறந்தாள். குமரேசன் அந்த வாயைப் பொத்தினான்.

கப்பலில் ஏறினபோதாவது சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் முதலில் பொய் சொன்னாய் என்று கேட்பார்களே. நனைந்து நடுங்குகிற கூட்டத்தைக் கைபிடித்து மேலே இழுத்துப் போடுவதிலேயே அங்கே நின்றவர்களுக்கு நேரம் சரியாக இருந்தது, யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. தன் அட்டையைக் காட்டினான், டிங். தென்றலுடையது, டிங். அக்காவுடையது. டிங்.

அன்று ராத்திரி வெளித்தளத்துக் கதவெல்லாம் பூட்டினார்கள். நீச்சல் குளத்துத் தண்ணீரை இறக்கினார்கள். படிக்கட்டுக் கைப்பிடி நெடுக வாந்தி எடுக்கக் காகிதப் பை தொங்கவிட்டார்கள். கப்பலே பக்கவாட்டில் படுத்து எழுந்துகொண்டிருந்தபோது குமரேசன் கட்டிலில் கிடந்து, குறுக்கால வந்திருந்தா படகைத் திருப்பியிருப்பாங்க, அவ தப்புதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். விடிந்ததும் அழுதுகொண்டே போய், வாந்தி வருது, காத்து வாங்கணும்னு ராத்திரி ரூமைவிட்டு வெளியே போன அக்காவைக் காணோம் என்றான். கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள். ஏறியிருக்கிறாள். அப்படியென்றால் எப்படியோ வெளியே போய்க் கடலில் விழுந்துவிட்டாள் என்று முடிவாயிற்று. மெஷின் அவனுக்காகச் சாட்சி சொன்னது. போலீஸ்காரர் அவன் தோளில் தட்டிக்கூடக் கொடுத்தார்.

இத்தனையும் மணிமொழிக்குத் தெரியாது. தென்றலுக்குத் தெரியும், ஆனால் அதைப் பற்றி மட்டும், அன்றைக்குப் பொத்தின வாயை அவள் இன்னும் திறக்கவில்லை. அத்தை முன்னாடி படகுல போயிட்டாங்க, சரியா என்று அவன் சொல்லிக் கொடுத்ததற்குத் தலையை மட்டும் ஆட்டியிருந்தாள்.

உச்சிப் பொழுதில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை. வானத்திலிருந்து கொட்டியது என்பதெல்லாம் பழைய பேச்சு, பக்கவாட்டிலிருந்து அடித்தது. ஜன்னல் கண்ணாடியில் சரளைக் கல்லை வாரி இறைத்த மாதிரி சத்தம், மாடித் தண்ணீர் குழாய் வழியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்குகிற சத்தம், பக்கத்து மனையில் கட்டி முடிக்காத வீட்டின் தகரம் எழுந்து எழுந்து உட்காருகிற சத்தம், இத்தனைக்கும் அடியில் சந்தில் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு யாரோ நடக்கிற சத்தம். சளக். சளக். மெதுவாக. அது சமையலறைச் சுவருக்கு வெளியே போகும், படுக்கையறைக்கு வெளியே திரும்பும், ஹால் ஜன்னலுக்கு அடியில் வரும், மறுபடி சமையலறை. குமரேசன் மறுபடி டிவியைப் போட்டுச் சத்தமாக வைத்தான். கரண்ட் போனது. மத்தியானமே வீடு பொழுது சாய்ந்த மாதிரி இருட்டியது. இருட்டில் அந்தச் சத்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.

சளக். சளக்.

பிறகு சளக் நின்றது. ஈரக் கால் வழவழப்பான டைல்ஸில் ஒட்டி ஒட்டி எழுந்திருக்கிற சத்தம் வந்தது. அது வெளியில் வருகிற சத்தம் இல்லை.

ஹாலுக்கு ஓடினான். தென்றல் சாப்பாட்டு மேஜையைச் சுற்றிக்கொண்டிருந்தாள். மேஜை வலப்பக்கம். கைகள் இரண்டும் வெறுமனே தொங்கின. ஓடவில்லை, விளையாடுகிற பிள்ளையின் துள்ளலும் இல்லை. அடி மேல் அடி வைத்து நடந்தாள்.

"என்னடி பண்ற?"

"சுத்தறேன்பா."

"எதுக்கு?"

"அத்தை முன்னாடி போறாங்க. குறுக்கால வராதன்னு சொன்னாங்க."

அவள் கால் காய்ந்திருந்தது. அவளுக்கு ஒரு அடி முன்னால் டைல்ஸில் ஈரத் தடம் ஒன்று விழுந்தது. யாரும் இல்லை. இன்னொன்று விழுந்தது. சுண்டுவிரல் இல்லாத இடது கால். வெள்ளை மணல் துளி அதன் ஓரத்தில். குமரேசன் பாய்ந்து பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டினான். தடங்கள் மேஜையை விட்டன. அவன் நிற்கிற இடத்துக்கு வந்தன. அவனைச் சுற்றச் சுவர் இடம் கொடுக்கவில்லை. அவன் காலுக்கு முன்னால் வந்து நின்றன. காத்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. மணிமொழி. வேங்கிக்கால் ஏரி நிரம்பிக் கோடி போய்விட்டது, கரை எப்போது வேண்டுமானாலும் உடையும், நம் மனைகள் எல்லாம் பழைய ஓடையில் போட்டது, தீயணைப்புக்காரர்கள் ரப்பர் படகோடு கிளம்பி வருகிறார்கள் என்று மூச்சு வாங்கச் சொன்னாள். ஆஸ்பத்திரி வாசலிலேயே இடுப்பளவு தண்ணீர், அவளால் வர முடியாது. "எதை விட்டாலும் பரவால்ல. அவ கையை மட்டும் விடாதீங்க. கேக்குதா? கையை விடாதீங்க." கேட்கிறது என்றான். லைன் அறுந்தது.

அதற்குள் வாசற்படிக்கு அடியில் தண்ணீர் நாக்கை நீட்டி உள்ளே வந்தது. மணிக்கணக்கில் ஏறவில்லை, பார்க்கப் பார்க்க ஏறியது. செருப்பு மிதந்தது, பால் பை மிதந்தது, பிளாஸ்டிக் ஸ்டூல் எழுந்து நடந்து போனது. தடங்கள் இருந்த தரை இப்போது தெரியவில்லை. தெரியாததுதான் அவனுக்கு ஜாஸ்தி பயமாக இருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்படி ஏறினான். படி முடிகிற இடத்தில் மொட்டை மாடிக்குப் போகிற கதவு, அதற்கு முன்னால் நாலு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு இடம். அங்கே இறக்கினான். கதவுச் சந்து வழியாக எட்டிப் பார்த்தபோது தெருக் கோடியில் விளக்கு வெளிச்சமும் மோட்டார் சத்தமும் வந்தன. படகு. அப்பாடா என்று இருந்தது. அழுகையே வந்துவிட்டது அவனுக்கு.

அப்போதுதான் அட்டை ஞாபகம் வந்தது.

அக்காவின் அட்டை. அது அவள் கழுத்திலேயே இருந்தது என்று போலீசில் எழுதிக் கொடுத்திருந்தான். அப்புறம் அதைத் தூக்கிப் போட முடியவில்லை. சென்னையில் ஒரு சாக்கடையில் போடப் போனான், கையிலிருந்து நழுவுவதற்குள் டிங் என்று கேட்டது. இங்கே வந்து அடுப்பில் காட்டினான், அப்போதும் கேட்டது. கடைசியில் அரிசி டிரம்முக்கு அடியில் சொருகி வைத்தான். டிரம் இப்போது மிதந்திருக்கும். தண்ணீர் வடிந்ததும் மணிமொழிதான் முதலில் வந்து வீட்டைக் கழுவுவாள். சேற்றில் சந்திரம்மாளின் போட்டோ போட்ட அட்டை கிடக்கும். எடுப்பாள். பார்ப்பாள். கழுத்தில் இருந்தது என்றீர்களே என்று கேட்பாள்.

போனில் டார்ச்சைப் போட்டு மகள் கையில் கொடுத்தான்.

"நீ இங்கயே நில்லு. அப்பா வர்ற வரைக்கும் நகரக் கூடாது."

"வருவியா?"

"வருவேன்."

"அத்தைகிட்டயும் நிக்கிறேன்னுதான் சொன்ன."

அன்றைக்கு நடந்ததைப் பற்றி ஐந்து நாளில் முதல் தடவையாக அவள் வாயைத் திறந்து சொன்னது இதுதான். அவன் கை தானாக எழுந்து அவள் கன்னத்தில் விழுந்தது. பிள்ளை அழவில்லை. டார்ச்சை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சொன்ன இடத்தில் நின்றாள். அவன் இறங்கினான்.

கீழே தொடை அளவு தண்ணீர். கும்மிருட்டு. சமையலறையில் பாத்திரங்கள் ஒன்றோடொன்று முட்டி முனகின. தண்ணீர் சில்லென்று இருந்தது, உதட்டில் தெறித்தபோது உப்புக் கரித்தது. ஏரித் தண்ணீர் எதற்கு உப்புக் கரிக்க வேண்டும்? யோசிக்கவில்லை. யோசித்தால் கால் ஓடாது. டிரம் சாய்ந்து மிதந்தது. குனிந்து தடவினான். அரிசி. சேறு. அரிசி. மணல். யாரோ கையில் கொடுத்த மாதிரி அட்டை உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

டிங்.

வெளியே, சார் சார் யாராவது இருக்கீங்களா என்று குரல் கொடுத்தார்கள். கேட் பூட்டை உடைத்துக்கொண்டு வந்த படகு வாசல் கதவில் முட்டியது. இருக்கோம், வர்றோம் என்று கத்திக்கொண்டே அட்டையைச் சட்டைக்குள் போட்டான். தண்ணீரை உழப்பிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான். மேலே வெளிச்சம் தெரியவில்லை. இருட்டில் கையை நீட்டினான்.

"வா. சீக்கிரம் வா."

ஒரு சின்னக் கை அவன் கைக்குள் வந்தது. ஈரமாக, சில்லென்று. கீழே இறங்கி வந்துட்டியா, நனைஞ்சுட்டியே என்றான். பதில் இல்லை. அடித்ததற்குக் கோபம் என்று நினைத்தான். கையை இறுக்கிப் பிடித்தான். விடவே இல்லை. மணிமொழி சொன்னது போலவே, ஒரு கணம்கூட விடாமல் தண்ணீரில் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

படகில் நாலைந்து பேர் பெரிய தார்ப்பாய் ஒன்றைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு குறுகி உட்கார்ந்திருந்தார்கள். மழை கண்ணைத் திறக்க விடவில்லை. கையைத் தார்ப்பாய்க்குள் தள்ளினான், அது உள்ளே ஏறிக்கொண்டது. அவனும் ஏறினான். பின்னால் ஏரிப் பக்கம் வானம் உறுமுகிற மாதிரி ஒரு சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. அது வானம் இல்லை என்று படகு ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருந்தது. மோட்டாரில் கையை வைத்துக்கொண்டு திரும்பினார்.

"எல்லாரும் ஏறியாச்சா?"

சட்டைக்குள் டிங் என்றது.

"ஏறியாச்சு."

படகு கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்பியது. குமரேசன் பெரிதாக மூச்சு விட்டான். தார்ப்பாய்க்கு அடியில் பிடித்திருந்த கையைத் தடவிக் கொடுத்தான், அப்பா இருக்கேன்டா என்றான். விரல் இடுக்கில் நறநறவென்று என்னவோ. மணல். தண்ணீரில் வந்ததாக இருக்கும் என்று துடைத்துவிட்டான். மறுபடி மணல் வந்தது. துடைக்கத் துடைக்க உள்ளிருந்து கசிகிற மாதிரி வந்தது. கை கொஞ்சம் கனத்தது. இன்னும் கொஞ்சம். உள்ளங்கையில் காய்ப்பு தட்டுப்பட்டது. வேர்க்கடலை உரித்து உரித்து வந்த காய்ப்பு.

அவன் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவில்லை.

வீட்டுப் பக்கம் பார்த்தான்.

மாடிக் கதவு திறந்து கிடந்தது. அந்த வாசலில் சின்னதாக வெளிச்சம். போன் டார்ச். அதற்குப் பின்னால் இரண்டு கை. அவன் நிறுத்தி வைத்த அதே இடம்.

"அப்பா!"

மழையில் யாருக்கும் கேட்கவில்லை. அவனுக்குக் கேட்டது.

படகைத் திருப்புங்க என்று சொல்ல வாயைத் திறந்தான். தார்ப்பாய்க்குள்ளிருந்து இன்னொரு கை வந்தது. ஈரப் புடவை ஓரம் அதோடு வந்தது. கருவாட்டு வாடை. அந்தக் கை அவன் வாயைப் பொத்தியது. முரட்டுத்தனமாக இல்லை. பிள்ளை அழாமல் இருக்கப் பொத்துவார்களே, அப்படி. உதடெல்லாம் உப்பு. தலையை ஆட்டினான், காலை உதைத்தான். முன்னால் உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்து, பயந்துட்டாரு பாவம், பிடிச்சுக்கங்கம்மா என்று அவன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார்.

"தென்றல் முன்னாடி படகுலயே போயிட்டா," என்றாள் சந்திரம்மாள், பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி.

சரிங்கம்மா என்று படகுக்காரர் மோட்டாரை முறுக்கினார். ஏரிப் பக்கத்துச் சத்தம் எழுந்து நின்றது. தெருக்கோடியில் விளக்குக் கம்பம் ஒன்று சாய்ந்தது. அதற்கு அடுத்தது சாய்ந்தது. மாடி வாசலில் அந்த வெளிச்சம் மட்டும் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ ஒரு சாண் அசையவில்லை.

"அப்பா, நான் நகரவே இல்லப்பா."